காதுக்காரர் வாங்கிய பலகை

என் வீட்டுக்காரர் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து 'சரி' என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் அந்தப் பலகையை யாரும் தட்டுவதில்லை. மர மில்லில் அவருக்குக் 'காது' என்றே பெயர். "காது வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். பெரிய வேலை பிடித்த தச்சர்கள் மரம் எடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் பலகை பலகையாகக் குனிந்து, விரல் முட்டியால் மூன்று இடங்களில் தட்டுவார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். உள்ளே கெட்டியாக இருந்தால் 'டங்' என்று வரும். மக்கிப்போயிருந்தால் 'தொப்' என்று சத்தம் அங்கேயே செத்துப்போகும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு சத்தம் இருக்கிறது என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் மகளுக்காகத் தேடித்தேடி வாங்கி வந்த பலகையில், என் கட்டைவிரல் நகம் முழுசாக உள்ளே போனது.

மகள் வேலை பார்க்கும் ஊரில் புதிதாக வீடு பிடித்திருந்தாள். கட்டில் வேண்டாம், அலமாரி வேண்டாம், ஒரு மேசை மட்டும் போதும் என்றாள். ஒட்டுப் போடாத ஒரே பலகையில் வேண்டும், அதில்தான் சாப்பிடுவாள், அதில்தான் வேலை பார்ப்பாள். இவர் அன்றைக்கே மில்லுக்கு ஓடினார். எட்டடி நீளம், இரண்டரை அங்குல கனம், ஓரத்தில் மரத்தின் வளைவு அப்படியே இருக்க, ஒரு தூங்குமூஞ்சி மரப் பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தூங்குமூஞ்சி மாப்பிள்ளைக்குப் பொருத்தமா இருக்கும்" என்று நான் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. சரி, மருமகனைச் சொன்னது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பட்டறையில் அறுப்பதும் இழைப்பதும் அவர் வேலை. தேய்ப்பதும் பூசுவதும் என் வேலை. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். அந்தச் சனிக்கிழமை காலையில் பலகையின் தூசியைத் தட்டிக் கம்பி பிரஷ் போட்டபோது, ஒரு முனையில் உள்ளங்கை அகலத்துக்கு பிரஷ் உள்ளே பதிந்துகொண்டு போனது. நகத்தால் அழுத்தினேன். ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போனது. நடுவில் நீளமாக இன்னொரு இடம். ஓரத்தில் கோலிகுண்டு அளவுக்கு ஒன்று. உளிப்பிடியால் தட்டிப் பார்த்தேன். தொப். பக்கத்தில் தட்டினேன். டங். வார்னிஷ் நெடியில் பாதி மூக்கு போனவள் நான். காது விஷயத்தில் எனக்கு எந்தப் பெருமையும் கிடையாது. எனக்கே கேட்டது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உளி தீட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

இது புதிதில்லை. பத்து மாதமாகவே இப்படித்தான். கூப்பிட்டால் பதில் இல்லை. மகள் போன் பண்ணினால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் கையில் திணித்துவிடுவார். நான் எதையாவது சொல்லி எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் தனியாகச் சிரிப்பார். இருபத்தாறு வருஷத்தில் என் பேச்சு சலித்துப்போய்விட்டது என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சும்மா இருப்பேனா? நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். டீயைக் கொண்டுவந்து 'ணங்' என்று வைப்பேன். அவர் பாட்டுக்கு எடுத்துக் குடிப்பார். கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

அந்தக் காலையில், உளிப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்து நின்றபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கேட்கிற தொப், இவருக்கு எப்படிக் கேட்காமல் போனது?

மெல்லப் போய் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன்.

"பட்டறையை வித்துட்டு நான் எங்கயாவது போகப்போறேன்" என்றேன்.

உளி கல்லின்மேல் போய்வந்துகொண்டிருந்தது.

"உங்க மீசை நல்லாவே இல்லை. கல்யாணத்தன்னிக்கும் நல்லா இல்லை."

அவர் உளியின் முனையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஊதினார். மறுபடி தீட்டினார். மீசையைச் சொல்லி அவர் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

அதற்கும் அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். உடனே சிரித்து, "என்னம்மா?" என்றார். அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதட்டில் இருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பார்க்கிறார். இந்த வயதில் இது என்ன என்று நான் கூச்சப்பட்டதும் உண்டு, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டதும் உண்டு. அதுவும் இதற்குத்தானா என்று நினைத்தபோது அழுகையோடு சிரிப்பும் வந்தது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டினேன். நகத்தால் அழுத்தினேன். பழுப்பு நிறத்தில் தூள் மேலே வந்தது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். தட்டினார். தலையைச் சாய்த்தார். இன்னும் பலமாகத் தட்டினார். காதைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தட்டினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தூளையே பார்த்தார்.

"எப்போலேர்ந்து?" என்று அவர் முகத்துக்கு நேராக வந்து கேட்டேன்.

"இடது பக்கம் போன வருஷம். அப்புறம் இதுவும் குறைஞ்சுபோச்சு."

"டாக்டர்கிட்ட?"

"போனேன். இழைப்பு மெஷின் சத்தம்தான் காரணம்னாங்க. காதுக்கு ஒரு மெஷின் குடுத்தாங்க."

"எங்க அது?"

மூன்றங்குல ஆணி வைக்கிற இழுப்பறையைத் திறந்தார். ஆணிகளுக்கு அடியில் ஒரு சின்ன டப்பி இருந்தது. என் கைபடாத இழுப்பறை இந்தப் பட்டறையிலேயே அது ஒன்றுதான். நான் பூச்சுக்காரி, எனக்கு ஆணியோடு என்ன வேலை? யோசித்துத்தான் ஒளித்திருக்கிறார்.

"எங்கிட்ட சொல்லாம தனியா போனீங்களா?" என்றேன். வேறு என்னென்னவோ கேட்க வேண்டியிருக்க, அதுதான் முதலில் வந்தது.

"மாட்டிக்கிட்டு மில்லுக்குப் போனா என்ன சொல்லுவாங்க? காதுக்கே காது போச்சும்பாங்க. அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவாங்க? நான் வேற என்ன பண்ணுவேன்?"

பத்து மாதமாக அவர் மரத்தைத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, அறுத்த முனையின் நிறத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். தட்டுவதும் தலையைச் சாய்ப்பதும் ஊருக்காக. இதுவரை எப்படியோ தப்பித்துவிட்டது. சொந்த மகளின் பலகையில் மாட்டிக்கொண்டார்.

"இனிமே யாருக்கும் மரம் பார்த்துக் குடுக்காதீங்க" என்றேன்.

"வியாழக்கிழமை ஏணிக்கு வரேன்னு சொல்லியிருக்கேன்."

ஏணி என்பது மாடிப்படி மட்டுமே செய்கிற ஒரு தச்சரின் பட்டப்பெயர். ஆளும் ஏணி மாதிரிதான், நெட்டை. இவரோடு ஒரு காலத்தில் வேலை பார்த்தவர், வயதில் இளையவர், இவர்மேல் உயிரை வைத்திருப்பவர். மூன்று மாடி வீடு ஒன்றுக்குத் தேக்குப் படி போடப்போகிறார். நாற்பது படிப்பலகை. அதில் ஒன்றின் உள்ளே மக்கல் இருந்தால், என்றைக்காவது யாராவது கால் வைத்து இறங்கும்போது உடையும்.

"ஏணிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். இனி நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு எழுத்துகூடப் போய்ச் சேராது. சண்டையில் இப்படி ஒரு வசதி எந்தப் புருஷனுக்கும் கிடைத்திருக்காது. நான் அவர் இமையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தேன். சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

திங்கட்கிழமை ஏணி வியாழக்கிழமையை ஞாபகப்படுத்த வந்தார். வந்தவர் பலகையைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். சொத்தை இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விரலை வைத்து அழுத்தினார். இவரைப் பார்த்தார்.

"அண்ணே, இது நீங்க பார்த்து எடுத்ததா?"

இவர் முகம் வெளிறிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"வேணும்னே தேடி எடுத்தது" என்றேன். "இப்போ இதுதானே எல்லாரும் கேக்கிறாங்க. சொத்தையை நோண்டி எடுத்துட்டு ரெசின் ஊத்தினா கண்ணாடி மாதிரி இருக்கும். அதோ பாருங்க, மக்கின இடத்தைச் சுத்திக் கறுப்புக் கோடு ஓடுது. நல்ல மரத்துல இந்தக் கோடு வருமா? தட்டித் தட்டி, எந்த எடத்துல எவ்வளவு மக்கியிருக்குன்னு கணக்குப் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கார்."

பூசி மெழுகுவது என் தொழில்தானே. ஏணியின் வாய் திறந்துகொண்டது.

"சொத்தையைக்கூட அளந்து வாங்குறாரா! அண்ணே, உங்க காதுக்கு மோதிரம் போடணும். வியாழக்கிழமை என் நாப்பது பலகையையும் நீங்கதான் தட்டுறீங்க. நான் விரலே வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் இவர், "என்ன சொன்ன அவன்கிட்ட? பாதிதான் புரிஞ்சுது" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா கிடந்த நெருப்பை ஊதிவிட்டது நான்தான்.

வேலை ஓடவில்லை என்றாலும் வேலை செய்துதானே ஆகவேண்டும். பலகையைத் தூக்கி எறிய இருவருக்குமே மனசில்லை. அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றி ஏணியிடம் நான் சொன்னது ஒன்றுதான் பொய்யில்லாதது. அழகாகவே இருந்தது. ஈரம் பார்க்கிற மீட்டரை நாலு இடத்தில் வைத்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. ஈரமாக இருந்தால் உள்ளே மக்கல் ஓடிக்கொண்டே இருக்கும், ரெசின் பிசினும் பிடிக்காது. இனி தோண்டவேண்டியதுதான். தோண்டுவதற்கு முன்னால் எதுவரை மக்கியிருக்கிறது என்று எல்லை போடவேண்டும். மேலே கெட்டியாகத் தெரியும், அரை அங்குலத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

நான் தட்டினேன், சாக்கட்டியால் புள்ளி வைத்தேன். அவர் பலகையின் மறுபக்கம் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் விரித்து வைத்திருந்தார். சும்மாதான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கண் மூடியிருந்தது.

"அங்க நில்லு" என்றார். "அது செத்த எடம்."

நான் புள்ளி வைத்திருந்தது அதே இடத்தில்.

"எப்படித் தெரியும்?"

கண்ணைத் திறக்காமல் இருந்தவருக்கு நான் கேட்டது எங்கே தெரியப்போகிறது? இன்னும் தள்ளித் தட்டினேன். "இது நல்லது" என்றார். இன்னும் தள்ளி. "இது நல்லதுதான், ஆனா அடியில ஏதோ இருக்கு." பலகையைப் புரட்டிப் பார்த்தோம். அடியில் கோலிகுண்டு அளவுக்கு இன்னொரு சொத்தை இருந்தது. அவருடைய பத்துப் பன்னிரண்டு சத்தமும் அவருடைய கையில் உட்கார்ந்திருந்தன. எனக்கு ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

"அப்போ மில்லுலயும் இப்படிக் கையை வச்சே பார்க்கலாமே!" என்று அவர் எதிரே போய்ச் சொன்னேன்.

"இது தனியா ரெண்டு கட்டைமேல கிடக்குது. மில்லுல பலகை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கியிருக்கும். பக்கத்துல ரம்பம் ஓடும். கையை வச்சா ரம்பம்தான் வரும்."

அப்படியானால் நான் உங்களோடு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லக் கண்ணை மூடப்போனார். நான் சட்டென்று இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மூன்று பேருமாக மில்லில் நின்றோம். "அண்ணியும் வந்திருக்காங்களே" என்று ஏணிக்கு ஆச்சரியம். தேக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் பூச்சு முடிவு பண்ண முடியும் என்று சொல்லி வைத்தேன். எங்கள் ஏற்பாடு இதுதான்: அவர் தட்டவேண்டும், நான் எதிரே நின்று கேட்கவேண்டும். நல்லதென்றால் நான் சும்மா நிற்பேன். சொத்தை என்றால் முந்தானையைச் சரிசெய்வேன். வெட்கம் கெட்ட ஏற்பாடுதான். வேறு வழி தெரியவில்லை.

முதல் பலகையைத் தட்டினார். டங். நான் நின்றேன். "சரி" என்றார். ஏணி பலகையைப் பக்கத்தில் எடுத்து வைத்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பலகையைத் தட்டும்போது பக்கத்தில் ரம்பம் ஒரு பெரிய மரத்தைக் கவ்விக்கொண்டு அலறத் தொடங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையைத் தொடவும் இல்லை, சும்மா நிற்கவும் இல்லை, கை பாதியில் நின்றது. அவர் மறுபடி தட்டினார். என்னைப் பார்த்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏணி, பலகையைத் தூக்கத் தயாராகக் குனிந்து, "சரிதானே அண்ணே?" என்று வாயசைத்தார்.

'சரி' என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அவர் அந்தப் பலகையைப் பார்த்தார். ஏணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார்.

"எனக்குக் கேக்கலைடா ஏணி! காது போயி பத்து மாசமாச்சு!"

ரம்பத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஆனால் அவர் வாய் திறப்பதற்கும் ரம்பம் மரத்தை அறுத்து முடித்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அது நின்றது அவருக்கு எப்படித் தெரியும்? மில் முழுக்க நிசப்தமாக இருக்க, இவர் குரல் கூரைத் தகரத்தில் போய் மோதித் திரும்பியது. மரம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். லாரியில் ஏறியிருந்தவர் இறங்கினார். இவர் இன்னும் ரம்பம் ஓடுகிற நினைப்பில், "வேற யாருக்கும் தெரிய வேணாம்!" என்று அதே சத்தத்தில் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. அத்தனை பேர் நடுவில் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் என் முகத்தையும் மற்றவர்கள் நிற்பதையும் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்தது. காது மடல் வரை சிவந்துபோனார்.

அலுவலக அறையிலிருந்து மில் முதலாளி வெளியே வந்தார். குண்டான மனிதர், அதிகம் பேசமாட்டார். நேராக இவர் முன்னால் வந்து நின்றார்.

"அப்போ அந்தத் தூங்குமூஞ்சிப் பலகை?" என்றார்.

இவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "மக்கல்தான். தெரியாம எடுத்துட்டேன்" என்றார்.

முதலாளி பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். "அன்னிக்கு நீங்க அதைத் தட்டினப்போ நானும் பக்கத்துல நின்னேன். எனக்குத் தொப்புனு கேட்டுச்சு. நீங்க 'சரி'ன்னு சொல்லிட்டீங்க. காதே சரின்னு சொல்லியாச்சு, அப்போ நம்ம காதுதான் போயிடுச்சுன்னு நினைச்சுட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. நேத்து டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு மணி நேரம் காதுக்குள்ள கீச்சுகீச்சுனு ஏதேதோ சத்தம் விட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தும் நான் நம்பலை. இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம்னு இருந்தேன்."

முதலில் சிரித்தது லாரிக்காரர். அப்புறம் மில்லே சிரித்தது. இவருக்கு முழுதும் பிடிபடவில்லை. நான் அவர் எதிரே நின்று மெதுவாகத் திரும்பச் சொன்னேன். வழக்கம்போல் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார். அன்றைக்கு அது என்னை உறுத்தவில்லை.

ஏணி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, சொத்தையை அளந்து வாங்கினார்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்" என்றேன். "உங்க அண்ணனை நீங்க அப்படிப் பார்த்தது எனக்குத் தாங்கலை. புளுகிட்டேன்."

அவர் கீழே கிடந்த மூன்றாவது பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பயந்துதான் நின்றேன். பிறகு ரம்பம் ஓட்டுகிறவரைப் பார்த்து, "ஒரு மணி நேரம் அதை நிறுத்தி வைக்க முடியுமா?" என்றார். முதலாளி தலையசைத்தார். ஏணி சாக்கட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க தட்டுங்க அண்ணி. கணு, வெடிப்பு, ரேகை எல்லாம் அண்ணன் பார்க்கட்டும். நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

மூன்றாவது பலகை நல்ல பலகைதான். பதினோராவது பலகை சொத்தை. ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. என் விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. இவர் அவற்றைத் தடவிக் கொடுத்துக்கொண்டே அடுத்த பலகையைப் புரட்டினார். மில்லில் அவர் பெயரை யாரும் மாற்றவில்லை. இப்போதும் "காது வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் இருவரையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

மகளிடம் அன்று சாயங்காலமே போனில் சொன்னேன். "அப்பாவுக்கு என்மேல ஏதோ கோபம்னு நினைச்சிட்டிருந்தேன்மா. நான் இவ்வளவு தூரம் வந்துட்டேன்ல, அதான் பேச மாட்டேங்கிறார்னு" என்றாள். அழுதாள். அம்மாவும் மகளுமாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே மனிதரைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இத்தனை மாதக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பலகை வேலை மூன்று வாரம் பிடித்தது. மூக்கை மூடிக்கொண்டு, உளி கெட்டி மரத்தில் இடிக்கிறவரை சொத்தையைச் சுரண்டி எடுத்தார். நான் ரெசின் புட்டியை வெந்நீரில் வைத்து இளக்கி, குழியின் ஓரங்களுக்குப் பிரஷ்ஷால் ஊட்டினேன். மக்கின மரம் எவ்வளவு குடிக்கும் தெரியுமா? பூசப் பூச உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. போதும் என்று அதுவே நிறுத்துகிறவரை விடக்கூடாது. மறுநாள் அடியில் டேப் ஒட்டிக் குழியை நிரப்பினோம். டேப் ஒட்டியது இவர். நன்றாக ஒட்டினேன் என்று சொல்லிவிட்டு அதன் கீழேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். ராத்திரி ரெசின் கசிந்து, காலையில் செருப்பு தரையோடு தரையாக ஒட்டியிருந்தது. இன்னும் அங்கேயே இருக்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் காரணம் கேட்கிறார்கள்.

நடுவில் இருந்த நீளக் குழி நிரம்பியது. ஓரத்திலும் அடியிலும் இருந்த கோலிகுண்டுச் சொத்தைகளும் மறைந்தன. மேசைக்குக் கால் மாட்டுகிற இடங்களில் சொத்தை வராதபடி தள்ளி வைத்து, கீழே குறுக்குச் சட்டம் கொடுத்தோம். முனையில் இருந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் அவர் தோண்ட விடவில்லை.

"ரெசினை ஊட்டிக் கெட்டியாக்கு, உதிராம இருந்தா போதும். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"தட்டினா தொப்புன்னுதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்காத மாதிரி இருந்தார். அதில் அவருக்கு இப்போது நல்ல தேர்ச்சி.

மேசையை மகள் வீட்டில் இறக்கி, கால் மாட்டி, கறுப்புக் கோடுகள் மேலே தெரிய நிறுத்தியபோது அவளும் மருமகனும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இவர், தான் உட்காரப்போகிற இடத்தைத் தானே முடிவுபண்ணி மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்தார். மகளை எதிர்முனையில், அந்த மக்கின இடத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மருமகனுக்கும் எனக்கும் இரண்டு பக்கமும். காதில் மெஷின் மாட்டியிருந்தார். சாப்பாடு வந்ததும் கழற்றிவிட்டார். கரண்டியும் தட்டும் இடிக்கிற சத்தம் காதுக்குள் இரும்புக்கடை வைத்த மாதிரி இருக்கிறதாம்.

"கழட்டிட்டா அப்பாகிட்ட எப்படிப் பேசுறது?" என்றாள் மகள்.

அவர் முழங்கை இரண்டையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டார். நான் அவளிடம் தட்டச் சொல்லி ஜாடை காட்டினேன். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்த இடத்தில் விரலால் தட்டினாள். தொப்.

அவர் நிமிர்ந்து நேராக அவளைப் பார்த்தார். "சொல்லும்மா" என்றார்.

அவள் விழித்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள். அவர் மறுபடி அவளைத்தான் பார்த்தார். மருமகன் தன் பக்கத்தில் தட்டினார். டங். மருமகன் பக்கம் இவர் தலை திரும்பியது. மகள் உடனே தட்டினாள், தலை அவளிடம் போனது. "மேசையில நான் எங்க உட்கார்ந்தாலும், உன் சத்தம் மட்டும் வேற மாதிரி வரும். அதுக்குத்தான் அதை விட்டேன்" என்றார் அவளிடம். அவள் எழுந்து வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சோற்றுக் கையோடு அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். பத்து மாதமாக நான் கூப்பிட்டு அவர் திரும்பாத பக்கம். எல்லோரும் அடங்கி மறுபடி சாப்பிடத் தொடங்கிய பிறகு, என் எதிரே பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

உடனே திரும்பினார்.

"என்னம்மா?" என்றார்.

சொல்ல ஒன்றுமே இல்லை எனக்கு. அவர் பார்வை என் உதட்டில் இருந்தது. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் சாப்பாட்டுக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினேன்.